பழைய நீராவிக் கப்பல்களைப் பழுதுபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீராவியில் ஓடும் கப்பல்கள் உலகில் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. அவற்றை எப்படிப் பழுதுபார்க்கிறார்கள், எதை மாற்றுகிறார்கள், எதை விட்டுவைக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது. ஸ்காட்லாந்தின் ‘வேவர்லி’ கப்பலை நடுவில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் மற்றக் கப்பல்களுக்கும் போய்வருவோம்.

வேவர்லி என்ன கப்பல்? ஏன் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்?

கிளாஸ்கோ நகரில் ஏ. அண்ட் ஜே. இங்கிலிஸ் கப்பல் கட்டுந்தளத்தில் கட்டப்பட்டு, 1946 அக்டோபரில் நீரில் இறக்கப்பட்ட, இரு பக்கமும் சுழலும் பெரிய சக்கரங்களால் தண்ணீரைத் தள்ளி ஓடும் துடுப்புச் சக்கரக் கப்பல். 1947 ஜூனில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியது. இதே பெயரில் இருந்த முந்தைய கப்பல் 1940இல், இரண்டாம் உலகப் போரின்போது, பிரான்சின் டன்கிர்க்கில் குண்டுவீச்சில் மூழ்கிப்போனது. அதற்கு மாற்றாக வந்தது இது. 1973 கோடையோடு ஓட்டம் நின்றது. 1974இல் துடுப்புச் சக்கரக் கப்பல் ஆர்வலர்களின் சங்கம் ஒன்றுக்கு ஒரே ஒரு பவுண்டு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் அதை மறுபடியும் கடலில் ஓட்டினார்கள். இன்று கடலில் பயணிகளோடு ஓடும் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் உலகில் இது ஒன்றுதான்.

இதை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அதன் வயது அல்ல. இதைவிடப் பழைய கப்பல்கள் அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. வேவர்லி ஓடுகிறது. ஓடுகிற கப்பலில் செய்யும் ஒவ்வொரு பழுதும் கடலுக்கும் சட்டத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பார்வைக்கு நன்றாக இருந்தால் போதாது.

எஞ்சின், பாய்லர், ஹல் (கப்பலின் உடற்கூடு): மூன்றில் முதலில் போவது எது?

பாய்லர். கேட்பவர்களில் பெரும்பாலானோர் எஞ்சின் என்றுதான் நினைக்கிறார்கள். பார்க்கப்போனால் எஞ்சின்தான் கடைசிவரை நிற்கிறது.

வேவர்லியின் எஞ்சின் கிரீனாக் ஊரில் ராங்கின் அண்ட் பிளாக்மோர் செய்தது. மூன்று சிலிண்டர்கள், ஒன்றில் பாதி விரிந்த நீராவி அடுத்ததற்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் போகிற டிரிப்பிள் எக்ஸ்பான்ஷன் வகை, 2,100 குதிரைத்திறன். 1947இல் ஓடிய அதே எஞ்சின்தான் இன்றும் ஓடுகிறது. பாய்லரோ நான்காவது தலைமுறை. முதல் பாய்லர் 1981இல் போனது. அடுத்தது 2000இல் மாற்றப்பட்டு இரட்டைப் பாய்லர்கள் வந்தன. அவையும் 2019இல் தாங்காமல் போய், 2020இல் புதியவை ஏறின.

எஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது, எண்ணெயில் குளிக்கிறது, தேய்கிற இடங்கள் எல்லாம் மாற்றக்கூடியவை. பாய்லர் அப்படி அல்ல. ஒருபக்கம் நெருப்பு, மறுபக்கம் கொதிநீர், நடுவில் அரை அங்குலத்தை ஒட்டிய இரும்பு. அது தன்னைத் தின்றுகொண்டேதான் வேலை செய்கிறது. ஹல் இவ்விரண்டுக்கும் நடுவில்: மெதுவாக மெலியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மெலியும். பழைய கப்பலைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் பளபளக்கிற எஞ்சினில் மயங்கி, பாய்லர் கணக்கையும் பில்ஜ் எனும் அடிப்பகுதியின் தகடுகளையும் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. கப்பல் கையை விட்டுப் போவது பெரும்பாலும் அந்த இரண்டால்தான்.

பாய்லருக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

நாலைந்து வகைச் சேதம் உண்டு. முதலாவது ஆக்சிஜன். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, சூடாகும்போது பிரிந்து இரும்பின்மேல் குமிழாக உட்கார்ந்து, அந்த இடத்தைக் குழியாக அரிக்கும். தகடு மொத்தமும் சீராக மெலிந்தால்கூடக் கணக்குப் போட்டுவிடலாம். குழி விழுந்தால் சுற்றிலும் நல்ல இரும்பு இருக்கும்போதே நடுவில் ஓட்டை விழும். இதைத் தடுக்கத்தான் பாய்லர் தண்ணீரைக் காரத்தன்மையில் வைத்து, மருந்து போட்டு, தவறாமல் சோதிக்கிறார்கள்.

இரண்டாவது உப்பு. எஞ்சினிலிருந்து வெளிவரும் நீராவி கண்டென்சரில் குளிர்ந்து தண்ணீராகி மறுபடி பாய்லருக்கே போகிறது. கண்டென்சரைக் குளிர்விப்பது கடல்நீர். அதில் உள்ள நூற்றுக்கணக்கான பித்தளைக் குழாய்களில் ஒன்று கசிந்தால் போதும், கடல்நீர் பாய்லருக்குள் நுழைந்துவிடும். படிவு கட்டும், அந்த இடத்தில் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கும். ஆகவே கண்டென்சர் குழாய்ச் சோதனையை பாய்லர் வேலையின் ஒரு பகுதி என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது எண்ணெய். சிலிண்டருக்குப் போடும் எண்ணெய் நீராவியோடு கலந்து, வடிகட்டி சரியில்லை என்றால் பாய்லருக்கு வந்து சேரும். நெருப்பறையின் மேல்பகுதியில் மெல்லிய படலமாக ஒட்டினாலே போதும். அந்த இடம் அளவுக்கு மீறிச் சூடேறித் தொய்ந்துவிடும். கடைசியாக, சூடேறி ஆறி, சூடேறி ஆறி வளைவுகளில் விழும் கீறல். பெரிய உருளை வடிவில் இருக்கும் பழைய ஸ்காட்ச் பாய்லரில் இது பெரிய தொல்லை. நெருப்பறைக்கு மேலே தண்ணீர் கொதிக்கும்போது அடியில் இருக்கும் தண்ணீர் ஜில்லென்றே இருக்கும். அதனால் அவசரப்படாமல், ஒரு நாள் அல்லது அதற்கும் மேல் எடுத்துக்கொண்டு மெல்ல நீராவி ஏற்றுவது வழக்கம். அவசரப்பட்டால் தகடு இணையும் இடங்கள் இழுபடும்.

பாய்லரை ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாதா?

ஒரு கட்டம் வரைக்கும் முடியும். குழாய்களை உருவிப் புதியதைச் சொருகி, முனையை விரித்து இறுக்குவது வழக்கமான வேலை. குழி விழுந்த இடத்தை வெல்டிங்கில் நிரப்பலாம், ஆய்வாளர் ஒப்புக்கொண்டால். பிறகு தண்ணீர் அழுத்தச் சோதனை. பாய்லர் முழுவதும் தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக, பல நேரம் ஒன்றரை மடங்கு வரை ஏற்றிப் பார்ப்பார்கள். காற்றிலோ நீராவியிலோ அந்தச் சோதனையைச் செய்யமாட்டார்கள். தண்ணீர் அமுங்காது, பிளந்தாலும் ஒழுகும், வெடிக்காது. அதன்பின் நீராவி ஏற்றி, ஆய்வாளர் முன்னிலையில் சேஃப்டி வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று பார்த்து முத்திரை வைப்பார்கள்.

வேவர்லியின் 2000ஆம் ஆண்டுப் பாய்லர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டன. 2019இல் கப்பல் ஒரு பயணம்கூடப் போகவில்லை. 23 லட்சம் பவுண்டு வேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். சிறு சிறு நன்கொடையாக வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்து அரசு பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது. பாய்லரை மாற்றுவது என்றால் கப்பலின் நடுப்பகுதியைத் திறப்பது என்று அர்த்தம். மேல்தளத்தை அறுத்து, புகைபோக்கிகளை எடுத்து வைத்துவிட்டு, கிரேனால் பழையதைத் தூக்கிப் புதியதை இறக்கினார்கள். அந்த ஆண்டு பார்த்துக் கொரோனாவும் வந்தது. 2020 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது.

ஹல் எங்கே மெலிந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கப்பலை, தண்ணீரை வடித்துவிடக்கூடிய டிரை டாக்கில் ஏற்றியாக வேண்டும். பாசியையும் சிப்பியையும் உயர் அழுத்தத் தண்ணீரால் அடித்துக் கழுவியபின், அல்ட்ராசானிக் அளவி ஒன்றை வைத்துத் தகட்டின் தடிமனைக் கட்டம் கட்டமாக அளப்பார்கள். ஒலி உள்ளே போய் மறுபக்கத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தடிமன் தெரியும். அந்த எண்களை ஹல் விரிப்புப் படத்தில் எழுதினால், எங்கே ஆபத்து என்பது ஒரு பார்வையில் விளங்கிவிடும். முதலில் இருந்த தடிமனில் கால்பங்கு தேய்ந்துவிட்டால் மாற்றச் சொல்வது பொதுவான வழக்கம். இடத்தைப் பொறுத்து அளவு மாறும்.

எஃகுத் தகட்டில் இந்த முறை நம்பகமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேனிரும்பில் அப்படி அல்ல. தேனிரும்பு அடுக்கடுக்காக இருக்கும், அடுக்குகளுக்கு நடுவே கசடு இருக்கும். ஒலி பாதியிலேயே கசடில் பட்டுத் திரும்பி, நல்ல தகட்டைக்கூட மெல்லியது என்று காட்டும். அப்போது சிறு துளை போட்டு நேரடியாக அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டால், வெளிப்பக்கத்தில் தண்ணீர்க் கோட்டை ஒட்டிய வரிசை. அங்கே காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படுவதால் துரு வேகமாக ஏறும். ஆனால் உண்மையான மோசம் உள்ளே இருந்து வருவது. பாய்லருக்கு அடியில் உள்ள பில்ஜ்தான் பழைய கப்பல்களின் பலவீனமான இடம். சூடு, ஈரம், கசியும் தண்ணீர் எல்லாம் அங்கே சேரும். நிலக்கரிக் கப்பலாக இருந்திருந்தால் கந்தகம் கலந்த சாம்பலும் சேர்ந்து, ஈரத்தில் அமிலமாகி அரிக்கும். பாய்லர் இருக்கும்வரை அங்கே கை நுழையாது. அதனால்தான் பாய்லர் மாற்றும் நேரத்தைப் பயன்படுத்தி அடித்தகடுகளைச் சரிபார்த்துவிடுகிறார்கள். அந்த வாய்ப்பைத் தவற விடுபவர் இன்னும் இருபது வருடம் காத்திருக்க வேண்டும், கப்பல் காத்திருந்தால்.

ரிவெட் அடித்த ஹல்லை வெல்டிங் செய்யலாமா?

செய்கிறார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. ரிவெட் என்ற இணைப்பு ஆணியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, துளையில் சொருகி, ஒருவர் தலைப்பக்கம் முட்டுக்கொடுக்க, இன்னொருவர் மறுமுனையைத் தட்டித் தலையாக்குவார். ஆறும்போது ரிவெட் சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கம்தான் பலமும், நீர் புகாமையும். பக்கத்திலேயே வெல்டிங் சூடு பட்டால் தகடு நெளிந்து, சுற்றியிருக்கும் ரிவெட்டுகள் தளர்ந்துவிடும். ஓர் ஒழுகலை அடைத்து ஐந்து ஒழுகலை உண்டாக்கிய கதையாகிவிடும். போதாததற்கு, பழைய எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதலாக இருக்கும். வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு விழும். அதனால் முதலில் ஒரு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது.

இரண்டையும் ஒரே கப்பலில் பார்க்க வேண்டும் என்றால் சவுத்தாம்ப்டனில் இருக்கும் ‘ஷீல்டுஹால்’ கப்பலைச் சொல்லலாம். 1950களின் நடுவில் கட்டப்பட்டது. ரிவெட்டிலிருந்து வெல்டிங்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம் என்பதால் கட்டும்போதே பாதி ரிவெட், பாதி வெல்டிங். கிளாஸ்கோ நகரத்தின் கழிவுச் சேற்றைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுவதற்காகக் கட்டிய கப்பல் அது. கோடைக்காலத்தில் அதே கப்பலில் பயணிகளையும் அழைத்துப் போயிருக்கிறார்கள்!

மெலிந்த இடத்தின்மேல் இன்னொரு தகட்டை வைத்து ஒட்டிவிட்டால்?

தற்காலிகத்துக்குச் சரி. நடுக்கோடையில், கப்பல் டாக்குக்குப் போய்ச் சேரும்வரை தாங்கினால் போதும் என்றால் அப்படிச் செய்யலாம். நிரந்தரமாக விட்டால் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் ஈரம் தேங்கி, பழைய தகடு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகும். மெலிந்ததை வெட்டியெடுத்துப் புதியதை வைப்பதுதான் முறையான வேலை.

எஞ்சினுக்குக் குளிர்காலத்தில் என்ன செய்கிறார்கள்?

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏனென்றால் இதில் பாதி கைவேலை.

முதலில் பேரிங். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளின் உட்பகுதியில் வெள்ளை உலோகம் வார்த்திருப்பார்கள். வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் செம்பும் கலந்தது. மென்மையானது, அதனால் ஷாஃப்டைக் கீறாமல் தான் தேயும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, பேரிங்கைத் திறந்து ஷாஃப்ட்டின்மேல் மெல்லிய ஈயக் கம்பியை வைத்து, மூடியைப் பழையபடி முறுக்கி, மறுபடி திறப்பார்கள். நசுங்கிய கம்பியின் தடிமன்தான் இடைவெளி. இடைவெளி கூடிவிட்டால் தட்டும் சத்தம் வரும். குறைந்தால் எண்ணெய் நுழையாமல் சூடாகி உலோகம் உருகி ஓடும். அதிகமாகத் தேய்ந்ததைப் புதிதாக வார்த்து, கடைந்து, நீல மை தடவி ஷாஃப்டில் வைத்துச் சுற்றி, மை ஒட்டிய மேடுகளைக் கையால் சுரண்டுவார்கள். பரப்பு முழுவதும் சீராக மை படும்வரை இது நடக்கும். இதற்கு ஒரு குறுக்குவழியும் கிடையாது.

பிறகு சீரமைவு. கிராங்கின் இரு கைகளுக்கு நடுவில் டயல் கேஜ் எனும் நுண் அளவியை வைத்து ஷாஃப்டைச் சுற்றினால், எங்காவது வளைந்து ஓடுகிறதா என்று தெரியும். துடுப்புச் சக்கரக் கப்பலில் இது இன்னும் முக்கியம். ஷாஃப்ட் கப்பலின் குறுக்கே ஓடி, இரு பக்கமும் ஹல்லுக்கு வெளியே நீண்டு சக்கரத்தைத் தாங்குகிறது. வெளி முனையைத் தாங்கும் சட்டம் சற்றுத் தொய்ந்தாலும் நடுவில் பேரிங் சூடாகும். அதாவது எஞ்சினில் தெரியும் நோய்க்குக் காரணம் ஹல்லில் இருக்கும். இரண்டையும் தனித்தனிக் குழுக்கள் பார்த்தால் இதைத் தவறவிடுவார்கள்.

அப்புறம் பிஸ்டன் வளையங்கள், கம்பிகளைச் சுற்றியுள்ள பேக்கிங், வால்வு முகங்கள், பம்புகள். எல்லாம் கோத்த பிறகு இண்டிகேட்டர் எடுப்பார்கள். சிலிண்டரில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினால், ஒவ்வோர் அடிக்கும் உள்ளே அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் காகிதத்தில் வரைந்துகாட்டும். வால்வு தாமதமாகத் திறக்கிறதா, வளையம் கசிகிறதா என்று பழகிய கண்ணுக்கு அந்தக் கோடே சொல்லிவிடும்.

எஞ்சினைக் கிளப்புமுன் ஏன் இவ்வளவு நேரம் சூடேற்றுகிறார்கள்?

குளிர்ந்த சிலிண்டரில் நீராவி நுழைந்தால் தண்ணீராகிவிடும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் மூடிக்கும் நடுவே அந்தத் தண்ணீர் மாட்டினால் அமுங்காது. வார்ப்பிரும்பு மூடிதான் உடையும். ஆகவே வடிகால் குழாய்களைத் திறந்து வைத்து, மெல்ல நீராவி விட்டு, எஞ்சினை முன்னும் பின்னும் சற்றே அசைத்து, வெறும் நீராவி மட்டும் வெளிவரும்வரை காத்திருப்பார்கள். பழைய எஞ்சின்களில் பெரிய விபத்துகள் அவசரத்தில்தான் நடக்கின்றன.

துடுப்புச் சக்கரங்களுக்கு?

அதிகமாக அடி வாங்கும் பாகம். ஒவ்வொரு பலகையும் தண்ணீருக்குள் செங்குத்தாக நுழைந்து செங்குத்தாக வெளிவர வேண்டும் என்பதற்காக, மையத்திலிருந்து விலகிய ஓர் அச்சோடு கம்பிகளால் இணைத்திருப்பார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஓர் ஊசி, ஓர் உறை. எல்லாம் கடல்நீரில் சுழல்பவை, எண்ணெய் நிற்காது. மிதக்கும் கட்டை ஒன்று மாட்டினால் பலகை உடையும், கம்பி வளையும். பருவத்தின் நடுவிலேயே மாற்றிக்கொள்ள உதிரிகளை முன்கூட்டியே செய்து வைப்பார்கள்.

உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. செய்துகொள்ள வேண்டும். வேவர்லியைக் கட்டிய இங்கிலிஸ் தளமும், எஞ்சின் செய்த நிறுவனமும் 1960களின் முதல் பாதியிலேயே மூடிவிட்டன. இங்கிலிஸ் தளம் இருந்த இடத்தில் இன்று கிளாஸ்கோவின் ரிவர்சைடு அருங்காட்சியகம் நிற்கிறது. ஆகவே பழைய வரைபடம் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் தேய்ந்த பாகத்தை அளந்து, தேய்மானத்தைக் கூட்டிப் புது வரைபடம் போட்டு, மர அச்சு செய்து வார்க்க வேண்டும். இரும்பைவிட அரிதாகிக்கொண்டிருப்பது கை. பாய்லர் தகடு மடிக்கத் தெரிந்தவர், ரிவெட் அடிக்கத் தெரிந்தவர், வெள்ளை உலோகம் சுரண்டத் தெரிந்தவர் ஓய்வுபெறும் முன் இளையவர் ஒருவரையாவது பக்கத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒரு கப்பல் அமைப்பு எவ்வளவு பொறுப்பாக நடக்கிறது என்பதற்கு அதையே அளவுகோலாக வைப்பேன்.

ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமா?

இருபதாம் நூற்றாண்டுக் கப்பல் என்றால் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். வெப்பம் தடுக்கப் போட்ட இந்த நச்சு நார் பாய்லர் மேலே, நீராவிக் குழாய்களைச் சுற்றி, கேஸ்கெட்டுகளில் இருக்கும். பழைய பெயின்டில் ஈயமும் இருக்கும். கேஸ் கட்டரால் வெட்டும்போது அந்தப் புகை நேரே நுரையீரலுக்குப் போகும். ஆய்வு, தகுதிபெற்ற ஆட்கள் மூலம் அகற்றல், அதற்கப்புறம்தான் மற்ற வேலை. தன்னார்வலர்களை ஆர்வத்தின் பேரில் சுத்தியலோடு உள்ளே அனுப்புவது மன்னிக்க முடியாத காரியம்.

டீசல் எஞ்சின் போட்டுவிட்டால் இத்தனை தொல்லை இல்லையே?

இல்லைதான். பல கப்பல்கள் அப்படித்தான் பிழைத்தன. வங்கதேசத்தின் ‘ராக்கெட்’ துடுப்புச் சக்கரக் கப்பல்கள் கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் 1920களின் இறுதியிலிருந்து கட்டப்பட்டவை. ‘மசூத்’, ‘ஆஸ்ட்ரிச்’ போன்றவை பின்னாளில் டீசலுக்கு மாறித்தான் ஆற்றில் தொடர்ந்து ஓடின. மக்கள் தினமும் போய்வர நம்பியிருந்த சேவை அது. அங்கே எஞ்சினைக் காப்பாற்றுவதா, சேவையைக் காப்பாற்றுவதா என்று கேட்டால் பதிலில் சந்தேகமே இல்லை.

ஆனால் கப்பலை அதன் பழமைக்காகவே வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு நீராவியை எடுத்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஜெனீவா ஏரியின் கதை அதற்குப் பதில் சொல்கிறது. அங்கே 1904இல் கட்டிய ‘மான்ட்ரூ’ கப்பலை நடுவில் டீசலுக்கு மாற்றியிருந்தார்கள். 2001இல் அதற்குப் புத்தம் புதிதாக ஒரு நீராவி எஞ்சினைச் செய்து பொருத்தினார்கள். பழைய எஞ்சினைத் தூக்கி எறியுமுன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஓட்டாமல் பத்திரமாக நிறுத்திவைத்தால் செலவு குறையுமே?

குறையாது, வேறு இடத்துக்குப் போகும். பிரிஸ்டலில் உள்ள ‘கிரேட் பிரிட்டன்’ கப்பலைப் பாருங்கள். பொறியாளர் புரூனல் வடிவமைத்து 1843இல் நீரில் இறங்கிய இரும்புக் கப்பல். 1937இல் பாக்லாந்துத் தீவுகளில் மூழ்கடித்துக் கைவிடப்பட்டது. 1970இல் அதை மிதவையில் ஏற்றி அட்லாண்டிக்கைத் தாண்டி, கட்டிய அதே டாக்குக்குக் கொண்டுவந்தார்கள். பக்கவாட்டில் இருந்த பெரிய பிளவைத் தீவுவாசிகள் கொடுத்த பழைய மெத்தைகளை வைத்து அடைத்தார்களாம்.

டாக்கில் நிறுத்திய பிறகும் துரு நிற்கவில்லை. பல பத்தாண்டுகள் கடலில் கிடந்த இரும்புக்குள் உப்பு ஊறிப்போயிருந்தது. காற்றின் ஈரமே அதை அரிக்கப் போதுமாக இருந்தது. கடைசியில் 2005இல் தண்ணீர்க் கோட்டு மட்டத்தில் டாக் முழுவதும் கண்ணாடிக் கூரை போட்டு, அதன்கீழ் காற்றின் ஈரப்பதத்தை 20 சதவீதத்தை ஒட்டி வைத்தார்கள். அந்த அளவுக்கு வறண்டால் உப்பேறிய இரும்புகூட அரிப்பதை நிறுத்திக்கொள்ளும். இயந்திரங்கள் அந்த வறட்சியைக் காக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கிரேட் பிரிட்டனுக்கு அதுவே சரியான வழி. அந்தத் தகடுகளை மாற்றினால் மிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது.

எல்லாத் தகட்டையும் மாற்றிவிட்டால் அது பழைய கப்பல்தானா?

‘மெட்வே குயின்’ 1924இல் கட்டிய துடுப்புச் சக்கரக் கப்பல். டன்கிர்க்கிலிருந்து சுமார் ஏழாயிரம் வீரர்களை மீட்டுவந்தது. ஹல் சரிசெய்ய முடியாத நிலைக்குப் போனபின், பிரிஸ்டலில் பழைய முறையிலேயே ரிவெட் அடித்துப் புது ஹல் கட்டி, 2013இல் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்குக் கொண்டுபோனார்கள். பழைய எஞ்சின் அதனுள் ஏறியது. அது பழைய கப்பல்தான் என்பேன். வேலை செய்யும் கப்பல்கள் எப்போதுமே தகடு மாற்றியபடியேதான் வாழ்ந்திருக்கின்றன. ஒரு நிபந்தனை உண்டு: எதை எப்போது ஏன் மாற்றினோம் என்று படம் எடுத்து, எழுதிவைத்து, புதிய பாகத்தில் ஆண்டைப் பொறித்திருக்க வேண்டும். பின்னால் வருபவர் ஏமாறக் கூடாது.

நீண்டகாலம் நிறுத்தி வைப்பதாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

பாய்லரை முழுவதும் வடித்து, உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து மூட வேண்டும். இல்லையென்றால் மருந்து கலந்த தண்ணீரை வாய்வரை நிரப்ப வேண்டும். பாதித் தண்ணீரோடு விடுவதுதான் மிக மோசம். குளிர் நாடுகளில் ஒவ்வொரு குழாயையும் வடித்தாக வேண்டும். உறைந்தால் வார்ப்பிரும்பு பிளக்கும். எஞ்சினை வாரம் ஒருமுறை சற்றுச் சுற்றி வேறு நிலையில் நிறுத்துவார்கள், இல்லையென்றால் கம்பியில் ஒரே இடத்தில் குழி விழும்.

பிறகு கிரீஸ். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் இருந்த ஜெர்மானியக் கப்பல் ‘கிராஃப் ஃபான் கோட்சன்’ எதிரி கையில் சிக்கக் கூடாது என்று 1916 ஜூலையில் ஜெர்மானியர்களே மூழ்கடித்தார்கள். கட்டிய தளத்திலிருந்து வந்திருந்த பொறியாளர்கள் மூழ்கடிக்குமுன் எஞ்சினுக்குக் கனமாகக் கிரீஸ் பூசினார்கள். 1924இல் பிரிட்டிஷார் வெளியே எடுத்தபோது எஞ்சினும் பாய்லரும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தன. 1927இல் ‘லியம்பா’ என்ற பெயரோடு அதே நீராவி எஞ்சினில் ஓடியது. டீசலுக்கு மாறியது 1970களில்தான்.

நம் பக்கம் இப்படி எதுவும் மிஞ்சவில்லையா?

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய ‘இர்வின்’, ‘கோஷன்’ நீராவிக் கப்பல்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இரு கரையிலும் இன்னும் இருக்கிறார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து நடந்த படகுச் சேவையும் 1980களில் நின்றுபோனது. அந்தக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வையுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய சான்றிதழ், புகைப்படம், கைக்குறிப்பு எல்லாமே மதிப்புள்ளவை.

வேவர்லியில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

எஞ்சினை. இரு பக்க நடைபாதையிலிருந்தும் அது ஓடுவதைப் பயணிகள் நேராகப் பார்க்கலாம். கப்பல் ஒரு துறையை நெருங்கும் நேரமாகப் பார்த்துப் போய் நில்லுங்கள். மேலே கேப்டன் இருக்கும் இடத்திலிருந்து உத்தரவு சொல்லும் டெலிகிராஃப் மணி அடிக்கும். பொறியாளர் கைப்பிடியைத் திருப்புவார். மூன்று கிராங்குகளும் நின்று, எதிர்த்திசையில் சுழலும். பக்கத்தில் எண்ணெய்க் குவளையோடு நிற்பவரிடம் எந்தப் பேரிங் இந்த வருடம் புதிதாக வார்த்தது என்று கேளுங்கள். வேலை நெருக்கடி இல்லாத நேரமாக இருந்தால் விரல் நீட்டிக் காட்டுவார்.